மருந்துக்கு அளவுகோல் தந்தவர்

நுழையும்முன்

மனப்பதற்றத்துக்கும் உறக்கமின்மைக்கும் மருந்து உண்டு என்பதை இன்று இயல்பாக ஏற்கிறோம். அம்மருந்துகளின் வரலாற்றில் ஒரு கிளை, பிகார் மாநிலச் சிற்றூர்களில் வழங்கிவந்த ஒரு கசப்பு வேரிலிருந்து தொடங்குகிறது. அவ்வேரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவரும், இந்திய மருந்தியலின் தந்தை எனப் போற்றப்படுபவருமான இராம் நாத் சோப்ராவின் வாழ்க்கை இப்பாடத்தில் கூறப்படுகிறது.

கேம்பிரிட்ஜில் கற்றது

இராம் நாத் சோப்ரா 1882ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் பிறந்தார். இலாகூர் அரசுக் கல்லூரியில் பயின்றபின், 1903இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டௌனிங் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர் வால்டர் டிக்சன்.

மருந்தியல் அக்காலத்தில் இளமையான துறை. மருந்துகளின் பெயர், நிறம், மணம், அளவு ஆகியவற்றை மனப்பாடம் செய்வதே மருந்துக் கல்வி என்று பல கல்லூரிகளில் கருதப்பட்டது. டிக்சன் அவ்வாறு கற்பிக்கவில்லை. ஒரு மருந்து உடலுக்குள் சென்றதும் இதயத்தை, குருதிக் குழாயை, நரம்பை எவ்வாறு மாற்றுகிறது என்பதை விலங்குகளிடம் சோதித்து, அம்மாற்றத்தை வரைகோடாகப் பதிவுசெய்து காட்டினார். புகைக்கரி பூசிய தாள் சுற்றிய உருளை ஒன்று மெல்லச் சுழலும். மயக்கமூட்டப்பட்ட விலங்கின் குருதி அழுத்தத்தோடு இணைக்கப்பட்ட மெல்லிய முள், அக்கரியைச் சுரண்டிக்கொண்டே ஏறியிறங்கிக் கோடு வரையும். மருந்தைச் செலுத்திய நொடியில் கோடு உயர்ந்ததா, தாழ்ந்ததா, எவ்வளவு நேரம் கழித்துப் பழைய நிலைக்குத் திரும்பியது என்பதைக் கண்ணால் காணலாம். நம்பிக்கைக்கும் மறுப்புக்கும் அக்கோடே சான்று.

சோப்ரா மாணவராக இருந்த அதே ஆண்டுகளில் டிக்சன் துணிவான கருத்து ஒன்றையும் முன்வைத்திருந்தார். நரம்பு தன் செய்தியை உறுப்புக்குச் சேர்க்கும்போது, நரம்பு முனையில் ஏதோ ஒரு வேதிப்பொருள் வெளிப்படுகிறது என்பது அவரது ஊகம். 1907ஆம் ஆண்டளவில் வெளியான அக்கருத்தை அன்றைய அறிஞர்கள் ஏற்கவில்லை. டிக்சனும் அதைக் கைவிட்டார். நரம்பில் ஓடுவது மின்துடிப்பு மட்டுமே என்ற எண்ணம் வலுவாக இருந்த காலம் அது. 1921இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி தவளையின் இதயங்களைக் கொண்டு செய்த ஆய்வுதான் அவ்வேதிப்பொருள் உண்மையிலேயே உண்டு என்று நிறுவியது. மூளையும் அவ்வாறே வேதிப்பொருள்களால் பேசுகிறது என்பது தெளிவாக மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அத்தெளிவுக்கு உதவிய பொருள்களுள் ஒன்று டிக்சனின் இந்திய மாணவர் ஆராயவிருந்த வேரில் இருந்தது.

சோப்ரா மருத்துவப் பட்டம் பெற்று 1908இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அது படையோடு இணைந்த பணி. முதல் உலகப்போரின்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றினார். பிற்காலத்தில் அவர் கர்னல் சோப்ரா என்றே அழைக்கப்பட்டமைக்கு இதுவே காரணம்.

கல்கத்தாவில் ஓர் ஆய்வுக்கூடம்

1921இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் துறையின் முதல் பேராசிரியராகச் சோப்ரா அமர்ந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் அப்பாடத்தை அவரே கற்பித்தார். பள்ளியை ஒட்டியே கார்மைக்கேல் மருத்துவமனை இருந்தது. வேதியியலர் பிரித்தெடுத்த பொருளை விலங்கிடம் சோதிக்கவும், தீங்கில்லை எனக் கண்டபின் நோயாளியிடம் அதன் பயனைக் காணவும் ஒரே வளாகத்தில் வாய்ப்பு அமைந்தது. இந்தியாவில் அதற்குமுன் இத்தகைய ஏற்பாடு அரிது. வேதியியல் பக்கத்தைச் சுதாமய் கோஷ் கவனித்தார். குடசப்பாலை, எபிட்ரா முதலிய மூலிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆய்வு மேசைக்கு வந்தன.

அவர் இப்பணியைத் தொடங்கிய காலத்தில் நாட்டு மருந்துகளைப் பற்றிய பூசல் நாடெங்கும் சூடாக இருந்தது. சென்னை மாகாணமே அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அரசின் வேண்டுகோளை ஏற்று மருத்துவர் எம். சி. கோமன் 1918 முதல் 1920 வரை நாட்டு மருந்துகளைச் சோதித்து அளித்த அறிக்கைகள், சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்களின் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயின. பின்னர் அமைக்கப்பட்ட முகமது உஸ்மான் தலைமையிலான குழு, மருத்துவர்கள் பலரிடம் கருத்துக் கேட்டு, இம்மருத்துவ முறைகளும் அறிவியல் அடிப்படை உடையனவே என 1923இல் அறிக்கை அளித்தது. முன்னோர் சொன்னது அனைத்தும் மெய் என்றது ஒரு தரப்பு. முன்னோர் சொன்னது என்பதாலேயே தள்ளத்தக்கது என்றது மற்றொரு தரப்பு.

சோப்ரா இரு தரப்புக்கும் முழுமையாக உவப்பானவர் அல்லர். ஏட்டில் எழுதப்பட்ட சிறப்பு முழுவதையும் ஒரு மூலிகைக்குச் சூட்ட அவர் மறுத்தார். அவரது சோதனையில் தேறாத மூலிகைகள் பல. சோதிக்காமல் தள்ளுவதையும் அவர் அதே அளவு வெறுத்தார். ஒரு மருந்தைச் சோதனைக்கு உட்படுத்துவது அதை இழிவுபடுத்துவதாகும் என்று சிலர் எண்ணினர். உண்மையில், பொருட்படுத்தத்தக்க ஒன்றையே ஒருவர் பல்லாண்டு உழைத்துச் சோதிக்கிறார்.

போலி மருந்துகளின் சந்தை

அக்காலத்தில் இந்தியாவில் மருந்தின் தரத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் ஏதும் இல்லை. மலேரியா ஆண்டுதோறும் பெருந்தொகையான உயிர்களைக் கொண்டுசென்ற நாட்டில், அதற்குரிய மருந்தான குயினைனே கலப்படமாக விற்கப்பட்டது. நோயாளி விலை கொடுத்து வாங்கிய மாத்திரையில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதை அவரும் அறியார். அதை எழுதித் தந்த மருத்துவரும் அறியார். 1927இல் மாநிலங்கள் அவையில் இதுபற்றித் தீர்மானம் வந்தது. 1930இல் அரசு மருந்துகள் விசாரணைக் குழுவை அமைத்துச் சோப்ராவைத் தலைவராக்கியது.

குழு நாடெங்கும் சென்று மருத்துவர், வணிகர், மருந்து தயாரிப்போர் எனப் பலரிடமும் சான்றுகளைத் திரட்டியது. மருந்துக்குச் சட்டம் வேண்டும், தரத்தைச் சோதிக்க ஆய்வுக்கூடங்கள் வேண்டும், மருந்து கலந்து தருவோர்க்குப் பயிற்சியும் பதிவும் வேண்டும் என 1931இல் அறிக்கை அளித்தது. அறிக்கை உடனே செயலாகவில்லை. தரச் சோதனைக்கான ஆய்வுக்கூடம் 1937இல்தான் கல்கத்தாவில் ஏற்பட்டது. மருந்துகள் சட்டம் 1940இலும், மருந்தாளுநர் சட்டம் 1948இலும் நிறைவேறின. இன்று மருந்து அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்படும் தொகுதி எண், காலாவதி நாள், உட்பொருள் அளவு ஆகியவற்றுக்குப் பின்னால் அந்த 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விதிகளே நிற்கின்றன.

விற்றதும் வாங்கியதும்

1933இல் சோப்ரா வெளியிட்ட இந்தியாவின் நாட்டு மருந்துகள் என்னும் ஆங்கில நூல் அவரது பெயரை உலகறியச் செய்தது. இந்தியாவில் விளையும் மருந்துப் பொருள்களைக் கொண்டே நாடு தன் தேவையை நிறைவுசெய்துகொள்ள வேண்டும். மரபு மருத்துவ முறைகளில் உள்ள பயனுள்ள மருந்துகளை ஆய்ந்து பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஏழை மக்கள் வாங்கத்தக்க விலையில் மருந்து கிடைக்க வேண்டும் என்பன அந்நூலுக்குப் பின்னிருந்த நோக்கங்கள்.

இந்தியா வேரையும் பட்டையையும் விதையையும் மூட்டை மூட்டையாக அயல்நாட்டுக்கு விற்றது. அவற்றிலிருந்து எடுத்த மருந்தைச் சிறு புட்டிகளில் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கியது. இந்நிலை சோப்ராவை வருத்தியது. அவர் கவலை இன்னும் பழங்கதையாகிவிடவில்லை. அரியலூர் மாவட்டத்தின் செயங்கொண்டம் பகுதியிலும் பெரம்பலூர் மாவட்டத்திலும் உழவர்கள் கண்வலிக்கிழங்கைப் பயிரிடுகின்றனர். சங்கப் புலவர்கள் காந்தள் எனப் பாடியதும், தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்குவதுமான செங்காந்தளே அது. அதன் கிழங்கும் விதையும் நஞ்சுடையன. அந்நஞ்சான கோல்சிசின், அளவோடு தரப்படும்போது கீல்வாத வகை ஒன்றுக்கு மருந்து. கொடிக்குப் பந்தலிட்டு, பூக்களைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்து, காயை உலர்த்தி எடுக்கும் விதையின் பெரும்பகுதி ஏற்றுமதிச் சந்தையையே நம்பியிருக்கிறது. விலையை உழவர் முடிவுசெய்வதில்லை.

அபினி, கஞ்சா ஆகியவற்றின் பழக்கம் குறித்தும் சோப்ரா நீண்ட ஆய்வுகளை நிகழ்த்தினார். இவ்வாய்வுகளில் அவர் ஒழுக்கநெறி உரைப்பவராக வரவில்லை. யார் உண்கின்றனர், எவ்வளவு உண்கின்றனர், எதற்காகத் தொடங்கினர் என்று வினவினார். வலி, களைப்பு, கவலை ஆகியவையே பலரை அப்பழக்கத்துக்கு இட்டுச்சென்றன. ஆலைக்கு வேலைக்குச் செல்லும் தாய்மார், குழந்தை அழாமல் உறங்குவதற்காக அபினி உருண்டை கொடுப்பதும் அன்று வழக்கமாக இருந்தது. மன அமைதி தரும் பொருள் எதுவும் அமைதியோடு வேறொன்றையும் சேர்த்தே தருகிறதா என்ற வினா, இவ்வாய்வுகளின் வழியே அவர் துறையில் நிலைபெற்றது.

சர்ப்பகந்தி

மனநோயாளிகளுக்கு அன்று என்ன மருத்துவம் இருந்தது? சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871இல் திறக்கப்பட்ட மருத்துவமனை உட்பட, நாட்டின் மனநலக் காப்பகங்களில் நோயாளியைக் காப்பதும் அடக்குவதுமே பெரும்பணியாக இருந்தது. கிளர்ச்சி மிகுந்தவர்க்குப் புரோமைடு, குளோரல் ஹைட்ரேட்டு, பாரால்டிஹைடு முதலியவை தரப்பட்டன. அவை உறங்கச் செய்தன. விழித்தபின் கலக்கம் முன்போலவே இருந்தது.

இதே காலத்தில் பிகார் மாநிலச் சிற்றூர்களில் ஒரு செடியின் வேர், பைத்தியத்துக்கு மருந்து என்னும் பொருள்படும் பெயராலேயே வழங்கியது. ஏழைத் தாய்மார் குழந்தைகளை உறங்கவைக்கவும் அதைப் பயன்படுத்தினர். சர்ப்பகந்தி என்பது அதன் வடமொழிப் பெயர். இடுப்பளவுகூட வளராத சிறு செடி; வெண்மையும் செம்மையும் கலந்த பூங்கொத்து; பாம்புபோல் வளைந்து செல்லும், மிகக் கசப்பான வேர். பாம்புக்கடிக்கும் அதைக் கொடுத்தனர். தாவரவியலர் அதற்கு இராவுல்ஃபியா செர்பென்டினா எனப் பெயரிட்டிருந்தனர்.

1931ஆம் ஆண்டு இவ்வேருக்குத் திருப்புமுனை. கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர், கடுங்கிளர்ச்சி கொண்ட மனநோயாளிகளிடம் வேர்த்தூள் அமைதியை உண்டாக்குவதையும் குருதி அழுத்தத்தைக் குறைப்பதையும் எழுதினர். அவ்வாண்டே தில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கியும் அவருடன் பணியாற்றிய சித்திக்கியும் வேரிலிருந்து ஆல்கலாய்டுகள் எனப்படும் காரத்தன்மையுள்ள பொருள்களைப் படிகங்களாகப் பிரித்தெடுத்தனர். தம்மை ஊக்குவித்த ஹக்கீம் அஜ்மல்கானின் நினைவாக அவற்றுள் ஒன்றுக்கு அஜ்மலின் எனப் பெயரிட்டனர்.

சோப்ராவும் அவர் தோழர்களும் 1933இல் வேரின் ஆல்கலாய்டு ஒன்றைப் பற்றிய முதல் ஆய்வை வெளியிட்டனர். அடுத்த பத்தாண்டுகளில் அப்பணி விரிந்தது. ஆனால் ஆய்வில் ஒரு புதிர் முளைத்தது. வேரை முழுமையாக அரைத்துக் கொடுத்தால் நோயாளி அமைதியடைகிறார். வேரிலிருந்து பிரித்த தூய படிகங்களைக் கொடுத்தால் அந்த அமைதி வருவதில்லை. வேரின் ஆற்றல் எங்கே ஒளிந்திருக்கிறது?

இவ்விடத்தில் இரு வழிகள் இருந்தன. படிகம் பயன்படவில்லை, ஆகவே ஊர்மக்களின் நம்பிக்கை வீண் என முடிவுகட்டுவது ஒரு வழி. வேரின் முழுமையில்தான் மாயம் இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்ப்பதே தவறு என்பது மற்றொரு வழி. கல்கத்தா ஆய்வாளர்கள் இரண்டையும் ஏற்கவில்லை. சோப்ராவோடு பணியாற்றிய ஜே. சி. குப்தாவும் அவர் குழுவினரும் 1943இல் மனநோயாளிகளிடம் வேரின் பயனைப் பதிவுசெய்தனர். அடுத்த ஆண்டு, படிகங்களை எடுத்தபின் எஞ்சும் பிசினைச் சோதித்தனர். வேதியியலர் பொதுவாகக் கழிவாகக் கருதும் பிசுபிசுப்பான பொருள் அது. தேராதூன் பகுதியில் கிடைத்த வேரின் பிசினில்தான் உறக்கமூட்டும் ஆற்றல் இருந்தது!

புதிரின் முக்கால் பங்கு அன்றே விடுபட்டுவிட்டது எனலாம். எஞ்சிய கால் பங்கு, அப்பிசினுக்குள் இருந்த ஒற்றைப் பொருளைத் தூய்மையாகப் பிரிப்பது. அதற்குப் பெருமளவில் வேர் வேண்டும். நுட்பமான கருவிகளும் தொடர்ந்து பணம் செலவிடக்கூடிய நிறுவனமும் வேண்டும். போரும் பஞ்சமும் வாட்டிய வங்காளத்தில் அவை கிடைக்கவில்லை. அறிவுக் குறைவால் நேர்ந்த தாமதம் அன்று இது.

பிசினில் கிடைத்த பொருள்

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரிலிருந்த சீபா நிறுவனத்தில் முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவர் அப்பிசினையே எடுத்துக்கொண்டு, 1952இல் ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் காரத்தன்மை மிகக் குறைவு. ஆதலால் மற்ற ஆல்கலாய்டுகளோடு படிகமாகாமல் பிசினில் தங்கிவிட்டிருந்தது. வேர்த்தூளைக் கிராம் கணக்கில் கொடுத்த இடத்தில், ஒரு மில்லிகிராமின் கால் பங்கு ரெசர்பின் போதுமானதாயிற்று.

இதற்கிடையே பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் குருதி அழுத்தத்தில் சர்ப்பகந்தியின் பயனை 1949இல் பிரித்தானிய இதயவியல் இதழில் எழுதி, உலக மருத்துவர்களின் பார்வையை அதன்பால் திருப்பியிருந்தார். மனநோயில் அதன் பயன்பற்றி 1953இல் ஹக்கீம் என்னும் அகமதாபாத் மருத்துவர் பரோடா மாநாட்டில் படித்த கட்டுரை, நியூயார்க் நாளிதழ் ஒன்றில் செய்தியாக வந்தது. அங்கு மனநல மருத்துவரான நேதன் கிளைன் அதைத் தம் மருத்துவமனை நோயாளிகளிடம் சோதித்து 1954இல் வெளியிட்டார். 1955இல் இலண்டனில் டேவிசும் ஷெப்பர்டும் பதற்றமும் சோர்வும் கொண்ட புறநோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ரெசர்பினையும் மற்றதற்கு மருந்தற்ற வெற்று மாத்திரையையும் தந்து ஒப்பிட்டனர். ரெசர்பின் பெற்றவர்கள் கூடுதல் பயனடைந்தனர். மனநல மருத்துவத்தில் இவ்வகை ஒப்பீட்டுச் சோதனைகளுக்கு அது தொடக்ககால எடுத்துக்காட்டு.

மருந்தாகப் பயன்பட்டதைவிட, மூளையைத் திறந்துகாட்டும் சாவியாக ரெசர்பின் செய்த பணி பெரிது. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு நரம்பணுவின் முனையில் சிறு பைகள் இருக்கின்றன. அவற்றில் செரடோனின், டோபமின், நார் அட்ரினலின் போன்ற நரம்பியக்கடத்திகள் சேமிக்கப்படுகின்றன. துடிப்பு வந்ததும் பைகள் திறந்து, கடத்திகள் இடைவெளியைக் கடந்து அடுத்த அணுவுக்குச் செய்தியைச் சேர்க்கின்றன. ரெசர்பின் அப்பைகளை நிரப்பும் இயக்கத்தைத் தடுத்துவிடுகிறது. பைக்கு வெளியே தங்கும் கடத்தி நொதியால் சிதைக்கப்படுகிறது. கிடங்கு காலியாகிறது, செய்தி தணிகிறது, கிளர்ச்சி அடங்குகிறது.

இதன் முதற்படியை 1955இல் அமெரிக்காவில் பெர்னார்டு பிரோடியின் ஆய்வுக்கூடம் கண்டது. ரெசர்பின் செலுத்தப்பட்ட விலங்குகளில் செரடோனின் வெளியேறிக் குறைந்துபோயிருந்தது. அங்குச் சிலகாலம் பணியாற்றித் தாயகம் திரும்பிய சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு, டோபமினாக மாறக்கூடிய டோபா என்னும் பொருளைச் செலுத்தினார். முயல்கள் சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. 1957இல் வெளிவந்த அவ்வாய்வு, உடலியக்கத்துக்கு டோபமின் இன்றியமையாதது என்பதை உணர்த்தியது. பார்க்கின்சன் நோய்க்கு இன்று தரப்படும் மருந்து அதிலிருந்து பிறந்தது. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிட்டியது. டிக்சன் 1907இல் கைவிட்ட ஊகம், அவருடைய மாணவர் ஆராய்ந்த வேரின் வழியாக மூளைக்குள்ளும் மெய்யாயிற்று.

காஷ்மீரில் எஞ்சிய ஆண்டுகள்

சோப்ரா 1941இல் கல்கத்தாப் பணியிலிருந்து ஓய்வுபெற்றார். அவ்வாண்டே அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. பின்னர் ஜம்மு காஷ்மீரின் மருத்துவத் துறையை ஏற்று நடத்தி, ஜம்முவில் மருந்து ஆய்வுக்கூடத்தையும் வளர்த்தார். 1946இல் வெளிவந்த இந்திய மருந்துப் பொருள் பட்டியலைத் தொகுத்த குழுவுக்கு அவரே தலைவர். அதே ஆண்டு நாட்டு மருத்துவ முறைகளை ஆராய அரசு அமைத்த குழுவும் அவர் பெயராலேயே சோப்ரா குழு எனப்பட்டது. மரபு மருத்துவமும் மேலை மருத்துவமும் ஒரே பாடத்திட்டத்தில் இணையவேண்டும் என அது 1948இல் பரிந்துரைத்தது. அரசு அதை முழுமையாக ஏற்கவில்லை. இரு தரப்பிலும் அதற்கு எதிர்ப்பு இருந்தது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சென்னையில் கண்ட பூசல் அப்போதும் ஓயவில்லை போலும். அவ்வாண்டு பட்னாவில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். இந்திய மூலிகைகளின் பெயர்க்களஞ்சியம் ஒன்றை நாயர், ஐ. சி. சோப்ரா ஆகியோருடன் சேர்ந்து 1956இல் வெளியிட்டபோது அவருக்கு அகவை எழுபத்து நான்கு.

அவர் வாழ்நாளிலேயே சர்ப்பகந்தியின் புகழ் உயர்ந்து, தாழ்ந்தது. ரெசர்பின் உண்ட குருதி அழுத்த நோயாளிகளுள் சிலர் கடும் மனச்சோர்வுக்கு உள்ளானதாகச் செய்திகள் வந்தன. கிளர்ச்சியைத் தணித்த அதே செயல் ஊக்கத்தையும் தணித்துவிட்டதோ என மருத்துவர்கள் ஐயுற்றனர். நரம்பியக்கடத்திகளின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்ற கொள்கை இதிலிருந்தும் வலுப்பெற்றது. அக்கொள்கை அவ்வளவு எளிதன்று என்பது பிற்கால ஆய்வுகளால் தெரியவந்தது. 1960இல் குளோர்டயசிபாக்சைடும் 1963இல் டயசிபாமும் சந்தைக்கு வந்தபின், பதற்றத்துக்கு ரெசர்பினை நாடுவது அருகிற்று. புதிய மாத்திரைகள் விரைவில் அமைதி தந்தன. நீண்டநாள் உண்டவர்கள் அவற்றை விடமுடியாமல் தவித்ததும் பின்னர் தெரிந்தது. அபினி உண்போரிடம் சோப்ரா கேட்ட வினாக்களை மாத்திரை உண்போரிடமும் கேட்கவேண்டியதாயிற்று. பதற்றத்துக்கு அடிமையாக்காத மருந்தைத் தேடும் பணி, செரடோனின், காபா, குளூட்டமேட்டு எனப் பல நரம்பியக்கடத்திகளின் வழியே இன்றும் நடைபெறுகிறது.

செடிக்கும் இடர் வந்தது. உலகச் சந்தை வேரைக் கேட்டதால் காடுகளில் அது வேரோடு பிடுங்கப்பட்டது. வேருக்காக எடுக்கும் செடி மீண்டும் தழைப்பதில்லை. அரசு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அயல்நாட்டு நிறுவனங்கள் அச்செடியின் ஆப்பிரிக்க உறவான வேறோர் இனத்துக்கு மாறின. 1990இல் சர்ப்பகந்தி, பன்னாட்டு வணிகத்தில் கட்டுப்படுத்தப்படும் உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இராம் நாத் சோப்ரா 1973ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் மறைந்தார். டயசிபாம் மூளையில் எந்த இடத்தில் சென்று பொருந்துகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. அவ்விடத்தை ஆய்வாளர்கள் கண்டறிந்தது நான்கு ஆண்டுகள் கழித்து, 1977இல்.